பல்கனியில் வைத்த மீன்சட்டி

அப்பாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவின் மகளாக என் வணக்கம்.

அப்பாவைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதுவது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அண்ணா தன்னுடையதை முதல் வாரமே எழுதி முடித்துவிட்டார். நான் எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டு, "உந்தக் கதையெல்லாம் மலரில போடோணுமோ?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மா, "அவள் எழுதட்டும், விடு" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

அப்பா காரைநகரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். தகப்பனாரை இழந்தபோது அவருக்குப் பதினேழு வயது. படிப்பை அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டு ரயில்வேயில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, ஏழெட்டு வருடங்களில் ஸ்டேஷன் மாஸ்டரானார். தங்கைமார் மூவரையும் கரைசேர்த்த பிறகே தனக்கென்று ஒரு குடும்பத்தை நினைத்தார். பொல்காவலை, மாகோ, வவுனியா, கடைசியில் யாழ்ப்பாணம் என்று ஊர் ஊராக மாற்றலாகிப் போனார். ரயில் பிந்தி வந்தால், காத்திருந்த பயணிகளிடம் தானே போய் மன்னிப்புக் கேட்பார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் இன்றும் சொல்வார்கள். குசினிப் பக்கம் மட்டும் அவர் போனதில்லை. தனியே இருந்த ஊர்களிலும் ஸ்டேஷன் வாசலில் இருந்த சாப்பாட்டுக் கடைதான் அவருக்குத் துணை. தேநீர்கூட அவருக்குப் போடத் தெரியாது என்று அம்மா கேலி செய்வார்.

போரால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்றபோது அப்பாவின் உத்தியோகமும் நின்றது. முன்னதாகவே கனடாவுக்கு வந்திருந்த அண்ணா எங்கள் மூவரையும் அழைத்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பனி கரையத் தொடங்கிய ஒரு மார்ச் மாதத்தில் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். வோபர்னில் ஓர் அப்பார்ட்மென்ட் கட்டடத்தின் ஒன்பதாம் மாடி எங்கள் வீடாயிற்று.

அண்ணா டெலிவரி வான் ஓட்டினார். அம்மாவுக்கு ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை கிடைத்தது, சனிக்கிழமையும் போவார். எனக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்கு அருகில் ஓர் அலுவலகத்தில் வேலை. போகவும் வரவும் நாலு மணித்தியாலம் பஸ்ஸிலேயே கழியும். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. போன இடமெல்லாம் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். "முப்பத்திரண்டு வருசம் ரயில் விட்டனான் எண்டு சொன்னன். அந்தப் பொடியன் சிரிச்சுப்போட்டுப் பேப்பரைத் திருப்பித் தந்திட்டான்" என்று ஒருநாள் வந்து சொன்னார். அதன் பிறகு அவர் விண்ணப்பம் எழுதியதை நான் காணவில்லை. பகல் முழுவதும் பல்கனிக் கதவருகில் நின்று கீழே பஸ் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்று மாலையில் எங்களுக்குச் சொல்வார். நாங்கள் களைத்துப்போய் வந்திருப்போம். யாரும் பதில் சொல்வதில்லை.

இரண்டாம் வருடம் அப்பாவுக்கு ஒரு நண்பர் கிடைத்தார். மார்க்கம் வீதி மீன் கடையில் அப்பா அறக்குளாவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்புறத்தில் நின்ற ஒரு முதியவரும் அதே மீனின் வாலை அழுத்திப் பார்த்தாராம். இருவரும் ஒரே நேரத்தில் "நேற்றையது" என்று தலையாட்டினார்களாம். கட்டடத்துக்குத் திரும்பி வரும்போதும் ஒரே லிஃப்ற். அவர் நாலாம் மாடி. பெயர் இத்ரிஸ். மொரோக்கோவின் ஸஃபி என்ற துறைமுகத்தில் பிறந்து, இளமையில் மத்திமீன் பிடிக்கும் படகில் வேலை செய்தவர். மனைவியை இழந்தவர். பிரெஞ்சும் அரபும் நன்றாகப் பேசுவார், ஆங்கிலம் அரைகுறை. அப்பாவின் ஆங்கிலம் ரயில்வே ஆங்கிலம். இரண்டும் எப்படியோ பொருந்திப்போயின.

இத்ரிஸ் அப்பாவை "ஷெஃப்" என்றுதான் கூப்பிடுவார். அந்த நேரத்தில் அப்பா சமைக்கத் தொடங்கியிருந்தபடியால், சமையல்காரன் என்று கூப்பிடுகிறார் என்றே நான் நினைத்தேன். "அப்பிடியில்லை பிள்ளை, பிரெஞ்சில ஸ்டேஷன் மாஸ்டரை 'ஷெஃப் த கார்' எண்டுதான் சொல்லுறது. என்ர உத்தியோகத்தைக் கேட்டாப் பிறகுதான் அப்பிடிக் கூப்பிடுறவர்" என்று அப்பா விளக்கினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெட்கம் கலந்த சந்தோஷத்தைக் கண்டும் நான் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா இத்ரிஸிடம் கற்றுக்கொண்டது மொரோக்கோக்காரருடைய மீன் தஜீன். நாங்கள் வீட்டில் மீன்சட்டி என்றே சொன்னோம். சனிக்கிழமைகளில் அம்மா வேலைக்குப் போனதும் அப்பா கீழே போய் மீன் வாங்கி வருவார். மல்லியிலையையும் பார்ஸ்லி இலையையும் பொடியாக அரிந்து, உள்ளி, நற்சீரகம், உறைப்பில்லாத சிவப்பு மிளகாய்த்தூள், தேசிக்காய்ப் புளி, ஒலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து உரலில் இடிப்பார். இத்ரிஸ் அதற்கு 'சர்மூலா' என்று பெயர் சொல்வார். அதை மீன் துண்டங்களில் பூசி, ஒரு மணித்தியாலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஊறவைப்பார். ஒரு நிமிடம் கூடாது, குறையாது. பிறகு உருளைக்கிழங்கு, தக்காளி, கறிமிளகாய் எல்லாவற்றையும் வட்டம் வட்டமாக வெட்டி மண்சட்டியில் அடுக்குவார். உப்பில் ஊறிய எலுமிச்சை வேண்டும் என்று இத்ரிஸ் சொன்னபோது, அம்மா ஊறுகாய்க்கென்று போத்தலில் உப்பிட்டு வைத்திருந்த தேசிக்காயை அப்பா எடுத்துக் காட்டினாராம். இத்ரிஸ் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மண்சட்டி இத்ரிஸ் அப்பாவிடம் கொடுத்திருந்தது. கூம்பு போல மூடியுள்ள சிவப்புச் சட்டி. அப்பா அதை மெல்லிய சூட்டில் வைத்து, இறக்கும்போது மடித்த துவாயின் மேல்தான் வைப்பார்.

சமைத்ததில் பாதியைக் கீழ்வீட்டுக்காரர்களுக்கும், கட்டடத்தைப் பராமரிப்பவருக்கும், லிஃப்றில் சந்தித்தவர்களுக்கும் கொடுத்தார். அம்மா விரும்பிச் சாப்பிட்டார். அண்ணா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்குவார். எனக்கு அந்த வாசம் உடுப்பில் பிடித்துவிடும் என்ற கவலை. "நான் வெளியில சாப்பிட்டிட்டன், அப்பா" என்பேன். "சரி பிள்ளை" என்பார். அடுத்த சனிக்கிழமையும் எனக்கென்று ஒரு கோப்பையில் எடுத்து மூடி வைப்பார்.

எனக்கு இருபத்தாறு வயதானபோது ஒரு சம்பந்தம் வந்தது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் இரு பகுதியும் பார்த்துப் பேசி, எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவதென்று முடிவாயிற்று. ஜனவரி மாதம். வெளியில் மூக்கை மூடாமல் நடக்க முடியாத குளிர்.

அன்று காலை நான் தலைமுடி அலங்கரிக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க மீன் வாசம். அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு குசினியில் நின்றார். அம்மா பக்கத்தில் நின்று கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் மண்சட்டி.

"என்னப்பா உது?"

"மீன்சட்டி, பிள்ளை. விடிய இத்ரிஸோட போய் நல்ல மீனாப் பாத்து வாங்கினனான். அவரையும் வரச் சொல்லியிருக்கிறன். எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடலாம்."

"அவையள் என்ன நினைப்பினம் அப்பா? பொம்பிளையின்ர தேப்பன் குசினிக்குள்ள நிக்கிறார் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிவினம். ஸ்டேஷன் மாஸ்டர் எண்டு சொல்லித்தான் பேசினது. இஞ்ச வந்து பாத்தா வேலை வெட்டி இல்லாம, தெரியாத மனுசரோட சேந்து சமைச்சுக்கொண்டு நிக்கிறார் எண்டு…"

"வாயை மூடடி" என்றார் அம்மா.

நான் மூடவில்லை. நான் சொன்ன மற்றவற்றை இங்கே எழுத என்னால் முடியவில்லை. நான் சொல்லி ஓய்ந்தபோது அப்பா ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, அடுப்பின் பிடியில் தொங்கவிட்டார்.

"அப்ப நான் என்ன செய்யோணும், பிள்ளை?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் வழி கேட்டார்.

"கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில இருங்கோ. காணும்" என்றேன்.

அவர் உடுப்பு மாற்றப் போனார். நான் அண்ணாவை எழுப்பி, கடையில் இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் வாங்கிவர அனுப்பினேன். பிறகு கொதித்துக்கொண்டிருந்த சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, பல்கனிக் கதவைத் திறந்து, பனி உறைந்திருந்த சீமெந்தில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். வாசம் போக ஜன்னல்களைத் திறந்துவிட்டேன்.

நான் சேலை உடுத்திப் பூ வைத்து முடித்தபோது கதவு தட்டிக் கேட்டது. இத்ரிஸ் நின்றார். வெள்ளைச் சேர்ட் போட்டு, தாடியைச் சீராக வெட்டி, துணியில் சுற்றிய ரொட்டியைக் கையில் வைத்திருந்தார். நான் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசினேன். அப்பாவுக்குச் சுகமில்லை, இன்றைக்கு விருந்து இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் சேலையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பிறகு ரொட்டியை இடைவெளிக்குள்ளால் நீட்டினார்.

"ஷெஃபுக்குக் கொடு. சூடாக இருக்கிறது" என்றார்.

எங்கள் வீடு பெரிதல்ல. அப்பா கோட்டுடன் கதிரையில் இருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.

வந்தவர்கள் நல்லவர்கள். மாப்பிள்ளையின் தாயார், "ஐயா இப்ப என்ன செய்யிறார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, "அப்பா ரிட்டயர் பண்ணீட்டார்" என்றேன். அப்பா "ஓம், ஓம்" என்றார். மூன்று மணித்தியாலம் அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அவர்கள் போன பிறகு அப்பா பல்கனிக் கதவைத் திறந்தார். சட்டி அடியோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. குழம்பு சீமெந்தில் வழிந்து மீனோடு சேர்ந்து உறைந்திருந்தது. அப்பா குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்தெடுத்தார். உதவிக்குப் போன அண்ணாவை வேண்டாம் என்றார். சட்டித் துண்டுகளைக் கழுவி, துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றினார். அப்போதுதான் அம்மா என்னிடம் சொன்னார்.

"அது அந்த மனுசன்ர பெண்சாதி ஊரிலயிருந்து பிளேனில மடியில வச்சுக்கொண்டு வந்த சட்டியடி. அவ போய்ச் சேந்திட்டா. அது ஒண்டுதான் மிச்சம் எண்டு சொன்னவர்."

அப்பா பொதியைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் வெறுங்கையோடு திரும்பினார். என்ன சொன்னார், இத்ரிஸ் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அடுத்த சனிக்கிழமை கடையில் பாண் வாங்கி ஜாம் பூசிச் சாப்பிட்டார். அதன்பின் அப்பா ஒருநாளும் சமைக்கவில்லை.

அந்தக் கோடையில் எனக்குத் திருமணம் நடந்தது. புதுத் தம்பதிகளுக்கென்று அம்மா விருந்து வைத்த நாளில், என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்:

"மாமா, முதல்முதல் நாங்கள் இஞ்ச வந்த அண்டைக்கு ஒரு நல்ல மீன் வாசம் வந்தது. அம்மா காரில போகேக்குள்ளயும் அதைப் பற்றித்தான் கதைச்சவ. இப்ப தருவினம், இப்ப தருவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். அது என்ன கறி?"

அம்மா என்னையே பார்த்தார். அப்பா தண்ணீர்க் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"அது பக்கத்து வீட்டுக் குசினி வாசமாயிருக்கும், தம்பி" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இல்லை, அப்பா சமைச்சவர், நான்தான் எடுத்து வெளியில வச்சனான்" என்று சொல்ல எத்தனை நேரம் எடுத்திருக்கும்? என் கணவர் சிரித்திருப்பார். அப்பாவும் சிரித்திருக்கக்கூடும். அடுத்த சனிக்கிழமை அவர் மீன் வாங்கப் போயிருக்கவும்கூடும். நான் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஒரு வருடம் கழித்து இத்ரிஸ் தன் மகளோடு இருக்க மொன்றியல் போனார். அவருடைய பெட்டிகளை இறக்கிவைக்க அப்பா கூடமாட நின்றார். நான் அன்று வீட்டுக்கு வந்திருந்தேன். கீழே போய் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எழும்பினேன். பிறகு இருந்துவிட்டேன்.

போன இலையுதிர்காலத்தில் அப்பாவின் இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேலை முடிந்து தினமும் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு மாலை துணிந்து, "அப்பா, அந்த ஞாயிற்றுக்கிழமை…" என்று தொடங்கினேன். அவர் என் கையைத் தட்டினார். "இருட்டுது. பனி கொட்டப்போகுது. பஸ்ஸை விட்டிடாத, போ பிள்ளை" என்றார். அவருக்கு விளங்கித்தான் அப்படிச் சொன்னாரா, விளங்காமல் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் அவர் சொல் கேட்டு எழும்பிப் போனேன். அவருக்குக் கீழ்ப்படிய அந்த ஒரு நாள்தானா எனக்குக் கிடைத்தது! நாலு நாளில் அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார். அம்மாவும் அண்ணாவும் பக்கத்தில் இருந்தார்கள். நான் மிசிசாகாவிலிருந்து வந்துகொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் படையலுக்கு, அவருக்கு விருப்பமானவற்றைச் சமைத்து வைக்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். லண்டனிலிருந்து வந்திருந்த மாமி, அப்பாவின் கடைசித் தங்கை, ஒரு பேப்பரும் பேனையுமாக இருந்தார்.

"அண்ணைக்கு நண்டுக்கறி விருப்பம். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. வேற என்ன?"

"அந்த மொரோக்கோ மீன்சட்டியும் வைக்கோணும்" என்றார் அம்மா.

மாமிக்கு விளங்கவில்லை. "ஆர் அதைச் சமைக்கிறது?"

அம்மாவுக்குச் செய்முறை தெரியாது. அப்பா சமைத்த சனிக்கிழமைகளில் அவர் தொழிற்சாலையில் நின்றார். அண்ணாவுக்குச் சாப்பிட மட்டும் தெரியும். நான் பார்த்ததோ அரையும் குறையும். அம்மா எழும்பிப் போய் அப்பாவின் டயறியைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். மொன்றியல் தொலைபேசி எண் அதில் இருந்தது.

இத்ரிஸ்தான் எடுத்தார். யார் என்று சொன்னேன். அப்பா போய்விட்டார் என்று சொன்னேன். அவர் அரபில் ஏதோ சொன்னார், பிரார்த்தனையாக இருக்கவேண்டும். மீன்சட்டி எப்படிச் சமைப்பது என்று கேட்க எடுத்தேன், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும் என்றேன். அப்பா அன்றைக்குச் சுகமில்லாமல் இருக்கவில்லை என்றும், சட்டியைப் பனியில் வைத்தது நான் என்றும் சொன்னேன். அழாமல் சொல்ல நினைத்தேன், முடியவில்லை.

"உன் அப்பா பொதியைக் கொண்டுவந்து தந்தபோது, தானே யோசனையில்லாமல் வெளியில் வைத்துவிட்டதாகச் சொன்னார்" என்றார் அவர். "முப்பது வருஷம் ரயில் விட்ட மனிதர் சூட்டுச் சட்டியைப் பனியில் வைப்பாரா? நான் நம்பவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொல்ல விரும்பினார். நான் கேட்டுக்கொண்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "பேனை இருக்கிறதா? எழுது" என்றார். சட்டியின் அடியில் கரட்டைக் குச்சி குச்சியாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மீன் அடிப்பிடிக்கும் என்றார். அதற்கு மேல் உருளைக்கிழங்கு, அதற்கு மேல் மீன், பிறகுதான் தக்காளியும் கறிமிளகாயும். எலுமிச்சைத் தோலும் ஒலிவ் காயும் கடைசியில். தண்ணீர் அரைக் கோப்பைக்கு மேல் வேண்டாம். "மூடிவிட்டு அடுப்பைக் குறை. கிளறாதே. திறந்து திறந்து பார்க்காதே" என்று இரண்டு தரம் சொன்னார்.

மண்சட்டி இல்லாதபடியால் அம்மாவின் அகலமான அலுமினியச் சட்டியில் சமைத்தேன். அன்று மாலை அப்பாவின் படத்துக்கு முன்னால் மற்றவற்றோடு அதையும் படைத்தோம். படைத்த பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். அண்ணா, "கிட்டத்தட்ட அதே மாதிரித்தான்" என்றார். அம்மா, "அவர் இன்னும் கொஞ்சம் புளி விடுவார்" என்றார். என் கணவர் கடைசித் துண்டுவரை சாப்பிட்டு முடித்தார். அன்று காலைதான் அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மாமி என்னைப் பார்த்து, "தேப்பன் செய்யிற மாதிரி வந்திருக்கோ பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா சமைத்ததை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

அப்பாவின் நோயின்போது இரவு பகலாகக் கவனித்த தாதியருக்கும், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்து அம்மாவைச் சாப்பிடவைத்த கட்டடத்து அயலவர்களுக்கும், பனியென்றும் பாராமல் இறுதிக்கிரியைக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுக்கும், கிரியைகளை நடத்தித்தந்த குருக்கள் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் பயணம் செய்து இன்றைய நிகழ்வுக்கு வரும் திரு. இத்ரிஸ் அவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் இந்த மலரில் அடங்காது.

இந்த மலரைப் பெறும் உங்களில் சிலர், அந்த நாட்களில் அப்பா கொண்டுவந்து தந்த கோப்பையை வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தாலும், வழியில் என்னைக் கண்டாலும், அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்பாவின் மகள்